கருமலையின் வரவேற்பு

மந்திரி பூவராகனுக்குக் கோபம் வந்தால் வாசலில் செருப்பைக் கழற்ற மறந்துவிடும். அன்று செருப்போடே மடத்துக்குள் நுழைந்தார்.

மடத்தின் தலைவி அருளம்மை அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவர்தான் குரு. கருமலை நாட்டில் மந்திரியை மறுத்துப் பேசக்கூடிய ஒரே ஆள் என்பதால் மந்திரியே தேடி வந்து சீடரானார். சீடரான பிறகு குரு சொன்ன எதையும் அவர் கேட்டதில்லை. அது வேறு விஷயம்.

"செருப்பு," என்றார் அருளம்மை.

மந்திரி திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

"அம்மா, எனக்குத் தலையே வெடிச்சிடும் போல இருக்கு. அன்னிக்கு வந்துட்டுப் போனாரே, அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரர், தாது உருக்கற ஆலையைக் கொண்டுபோய் மணல்தீவுல கட்டறாராம்!"

"கட்டட்டுமே."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? தாது இருக்கறது நம்ம மலையில. அந்தத் தீவுல என்ன இருக்கு? மணலும் கருவாடும்! நம்ம ஆளுங்க வெட்டி எடுத்துக் கப்பல்ல ஏத்தி அனுப்பணுமாம். அங்கே உருக்கிச் சாமான் செஞ்சு நமக்கே விப்பாங்களாம். வயிறு எரியாதா?"

"எரியும்."

"நான் அவருக்கு என்ன குறை வச்சேன்? துறைமுகத்திலேர்ந்து மலை வரைக்கும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க. எல்லார் கையிலயும் கொடி. காலையிலேயே கொண்டுவந்து நிறுத்தியாச்சு. அவர் வந்து சேர மத்தியானம் ஆயிடுச்சு. சில பிள்ளைங்க மயங்கி விழுந்துச்சு. அதுக்கும் மோர் கொடுத்தோம்."

வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் கருமலையில் இப்படித்தான். அந்த வருஷம் நிறையப் பேர் வந்திருந்தார்கள். கொடியாட்டுவதில் பிள்ளைகள் நன்றாகவே தேறியிருந்தார்கள்.

"அவர் ஏதாவது கேட்டாரா?"

"இன்னிக்குப் பள்ளிக்கூடம் கிடையாதான்னு கேட்டார். உங்களுக்காகவே லீவு விட்டோம்னு சொன்னேன். ஆலைக்கு ஆள் கிடைப்பாங்களான்னு கேட்டார். ரோட்டைக் காட்டி, இவ்வளவு பேர் நிக்கறாங்களே, பாருங்கன்னேன். அப்புறம் ஒண்ணும் கேட்கலை. விருந்துல ரசம் மட்டும் குடிச்சார்."

அருளம்மை கண்களை மூடிக்கொண்டார். தியானம் இல்லை, எரிச்சல்.

"நாளைக்கு இன்னொரு கம்பெனிக்காரர் வர்றார்," என்றார் மந்திரி. "இதுவும் கை நழுவினா ராஜா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவார். கூட்டம் இந்தத் தடவை ரெண்டு மடங்கா இருக்கணும். உங்க மடத்துப் பள்ளிக்கூடம் ஒண்ணுதான் பாக்கி. பிள்ளைங்களை அனுப்பி வைங்க."

மணி அடித்தது. அருளம்மை எழுந்தார்.

"எங்கே போறீங்க?"

"கணக்குப் பாடம்."

"நான் பேசிக்கிட்டிருக்கேன்!"

"பேசுங்க. ஜன்னல் திறந்துதான் இருக்கு."

மந்திரி பல்லைக் கடித்துக்கொண்டு வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே போய் நின்றார். உள்ளே அருளம்மை, காலும் அரைக்காலும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டார். கைகள் உயர்ந்தன. மந்திரியும் விரலை மடக்கிப் பார்த்தார். விடை வரவில்லை. கோபம்தான் இன்னும் கொஞ்சம் வந்தது.

"அம்மா! அனுப்புவீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப ஆலை எப்படி வரும்? நாடு பூராவும் வெறுமனே மண்ணை வெட்டிக்கிட்டே சாகட்டுமா?"

அருளம்மை பலகையிலிருந்து திரும்பாமலே கேட்டார். "மணல்தீவுல அவரை எப்படி வரவேற்றாங்க?"

அதை நினைத்தாலே மந்திரிக்குப் பொறுக்கவில்லை.

"அந்தக் கொடுமையைக் கேட்காதீங்க! கூடப் போன நம்ம ஆள் வந்து சொன்னான். துறைமுகத்துல ஒரு குமாஸ்தா மட்டும் நின்னாராம். மாலை இல்லை, மேளம் இல்லை. பிள்ளைங்களைப் பார்க்கணும்னு இவரே பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கார். பாடம் நடக்குது, முடியற வரைக்கும் உள்ளே வரக்கூடாதுன்னு வாத்தியார் சொல்லிட்டாராம். எவ்வளவு பெரிய மனுஷன்! வெளியே வெயில்ல நிக்க வச்சுட்டாங்க. இவரும் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே நின்னாராம். அப்படி அவமானப்படுத்தினவங்களுக்கு ஆலையைத் தூக்கிக் கொடுக்கறார். ராஜ உபசாரம் பண்ணின நமக்கு ஒண்ணும் இல்லை. நீங்களே சொல்லுங்க, இது என்ன நியாயம்?"

அருளம்மை சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலருகே வந்தார்.

"மந்திரியாரே, அங்கே வெயில்ல நின்னது அவர். இங்கே நின்னது பிள்ளைங்க."