‘ஏன்’ ஒட்ட இடமில்லை

தென்காசியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு சாப்ட்வேர் கம்பெனி நடத்தினார்கள். மூளை மூவருக்கும் இருந்தது. வீணாகச் செலவழிக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அவர்களில் மாசானத்துக்குத் தை மாதம் கல்யாணம். கல்யாண மண்டபம் வைத்திருந்த அண்ணாச்சி சொல்லியிருந்தார்: “மண்டபம் புக் பண்ணுத சாப்ட்வேரை வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுல. உன் கல்யாணத்துக்கு மண்டபம் சும்மா தாரேன்.” அன்றிலிருந்து மாசானத்தின் கனவில்கூட வாழைமரம்தான்.

வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அண்ணாச்சி ஓர் ஆலோசகர் அம்மாவை அனுப்பினார். அந்த அம்மா சொன்னார்: “செய்யுற ஒவ்வொரு வேலையையும் காகிதத்துல எழுதி ஒட்டுங்க. ஏன் செய்யுறோம்னு கேளுங்க. வர்ற பதிலுக்கும் ஏன்னு கேளுங்க. இப்படி மேலே மேலே போனாத்தான் உண்மையான நோக்கம் பிடிபடும்.”

மேலே போகச் சொன்னால் போகத்தானே வேண்டும்?

தரையோரம் சுவரில் ‘டெஸ்டிங்’ என்று ஒட்டினார்கள்.

“அதை ஏன் செய்யுதோம்?” என்றாள் கூட்டாளி பேச்சி.

“தப்பைக் கண்டுபிடிக்க.” அது அதற்கு மேலே.

“எதுக்குக் கண்டுபிடிக்கணும்?”

“அண்ணாச்சி ஏசாம இருக்கத்தான்.”

“ஏசுனா என்ன?”

“மண்டபம் போயிரும்லா!” என்றான் மாசானம்.

சுவர் தீர்ந்தது. மாடிப்படி ஏறினார்கள். மாடியில் குடியிருந்த வாத்தியாரின் கதவில் ‘கல்யாணம்’ என்று ஒட்டியபோது அவர் வாழ்த்துச் சொன்னார். கல்யாணம் ஏன் என்றதற்கு வந்த ‘அம்மா அழுகிறாள்’ மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்குப் போனது.

“அம்மா ஏன்ல அழுதா?”

“நான் எந்நேரமும் வேலை வேலைன்னு கெடக்கேனாம்.”

எழுதிவிட்டார்கள். ஒட்டத்தான் இடமில்லை. மேலே ஆகாயம். நாளோ வியாழன்.

மூன்றாமவன் சிவனணைந்தான் நெடுநேரம் யோசித்தான். “வேலையக் கீழ இறக்குவோம். காரணமெல்லாம் ஒரு படி இறங்கும். உச்சியில இடம் காலியாயிரும்லா?”

வேலை இருப்பது கம்ப்யூட்டரில். ஆகவே ஆபீஸ் தரையைப் பெயர்த்துக் குழி வெட்டிக் கம்ப்யூட்டரை இறக்கினார்கள். தூசி படக் கூடாதே என்று மண்ணைப் போட்டு மூடினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணாச்சி வந்தார். மாசானம் தொட்டிமேல் நின்றுகொண்டிருந்தான்.

“ஏல, சாப்ட்வேர் எங்கல?”

“காரணம் பூராவும் ரெடி அண்ணாச்சி! வேலை மட்டுந்தான் பாக்கி!”

அண்ணாச்சி வாசல் வழியே மண்மேட்டைப் பார்த்தார். அண்ணாந்து தொட்டியைப் பார்த்தார். “உனக்கு மண்டபமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது, போயிருல!”

மாசானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “ஏன் அண்ணாச்சி?” என்றான்.

சொன்ன வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு கீழே எட்டிப் பார்த்துக் கத்தினான்:

“ஏ பேச்சி, இன்னொரு ‘ஏன்’ வந்திருச்சு! இன்னும் ரெண்டடி தோண்டுங்க!”