வலஞ்சுழி

மூன்று பேர், ஒரு பசு. பசு இப்போது இல்லை. யாரால் இல்லாமல் போனது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பாதியிலேயே தீர்ப்பு எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் தெய்வாத்தாள் என்ற அம்மாள் தனியாக இருந்தார். தோட்டம் கைமாறிவிட்டது. ஓசூரில் மகன் வீட்டுக்குப் போயாக வேண்டும். மகன் வீடு மூன்றாவது மாடி. கன்றிலிருந்து வளர்த்த வெள்ளச்சியை அங்கே எங்கே கட்டுவது? கறவை நின்ற கிழட்டுப் பசு வேறு. அப்படிப்பட்ட மாட்டைத் தேடி யார் வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். தாராபுரம் பக்கம் நாட்டுமாடு வளர்க்கும் குப்பணன் ஒருவர்தான், "சாகற வரைக்கும் நம்ம கட்டுத்தறியில நிக்கட்டுங்கக்கா" என்று வாக்குக் கொடுத்திருந்தார். மாட்டை அவர் பார்த்ததில்லை. அக்கா சொல்லே போதும் என்றிருந்தார்.

இதற்கு நடுவில் வந்து சேர்ந்தாள் வாணி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டிசைனர். ஓய்வு நேரத்தில் கம்ப்யூட்டரில் மிருகங்களை வரைவாள். போட்டோவா, படமா என்று கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு கைத்திறமை, அதைவிடத் தலைக்கனம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வந்து வெள்ளச்சியை நூறு போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். மூன்று மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு மயிராக வரைந்தாள்.

கம்ப்யூட்டரில் வரைகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே படத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டால் குறை தெரியாது. அதனால் கண்ணாடியில் தெரிகிற மாதிரி படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பார்கள். தப்பு பளிச்சென்று தெரியும். பார்த்துவிட்டுப் பழையபடி மாற்றிவிட வேண்டும். வாணி மாற்றவில்லை. திருப்பியதுதான் எடுப்பாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டாள். அதில் என்ன குற்றம் என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. ஓவியம்தானே?

ஆனால் மாட்டுக்கு நெற்றியில் மயிர்ச்சுழி என்று ஒன்று இருக்கிறதே. வெள்ளச்சிக்கு அது வலமாகச் சுழித்திருந்தது. படத்தில் இடமாகிவிட்டது. சுழி பார்த்து மாடு பிடிக்கிற ஊர் அது. இடஞ்சுழி மாட்டைக் கட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்புகிறவர்களில் குப்பணனும் ஒருவர்.

வாணி படத்தை ஓவியர்களின் முகநூல் குழுவில் போட்டாள். அங்கே ஆண்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. மூல உருவத்தில் எதையும் மாற்றக் கூடாது என்பது நிபந்தனை. "மயிரிழைகூட மாற்றவில்லை, உள்ளது உள்ளபடி" என்று எழுதி, மாட்டின் பெயர், தெய்வாத்தாள் பெயர், ஊர்ப்பெயர் எல்லாம் போட்டாள். இன்னொன்றும் எழுதினாள். "குறை சொல்லுங்க" என்று படத்துக்குக் கீழே எழுதினால்தான் அந்தக் குழுவில் குறை சொல்லலாம். எழுதாவிட்டால் பாராட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். எவன் என்ன குறை கண்டுவிடப் போகிறான் என்ற தெனாவெட்டில் வாணி எழுதினாள்.

குழுவில் அர்த்தநாரி என்று ஒரு மூத்தவர். மாட்டுத் தரகர் குடும்பம். "மயிர் மயிரா வரைஞ்சிருக்கீங்க, கை சுத்தம். ஆனா மாடு இடஞ்சுழி. வரையறதுக்கு வேற மாடே கிடைக்கலீங்களா?" என்று போட்டார். அது பரவிப் பரவிக் குப்பணன் செல்போனுக்கே போய்ச் சேர்ந்தது.

"மாடு வேண்டாமுங்கக்கா" என்றார் குப்பணன்.

"ஒருக்கா நேர்ல வந்து பாரு சாமி. வலஞ்சுழிதான்."

"எதுக்கு வரோணும்? அதான் ஒவ்வொரு மயிரும் தெரியுதுங்களே."

தெய்வாத்தாள் தன் செல்போனில் போட்டோ எடுத்து அனுப்பினார். போட்டோவை எப்படி வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம் என்று சொல்லிக் குப்பணன் அதை நம்பவில்லை. கொடுமையைப் பாருங்கள், போட்டோ பொய்யாம், படம் நிஜமாம்.

வெள்ளிக்கிழமை தெய்வாத்தாள் வாணியைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். "படத்தைத் திருப்பிப் போட்டுட்டேன்னு ஒரு வார்த்தை எழுதிப் போடு கண்ணு."

"திங்கக்கிழமை போட்டி முடிவு சொல்றாங்கம்மா. செவ்வாக்கிழமை கண்டிப்பா எழுதறேன்."

"ஞாயித்துக்கிழமை நான் காலி பண்ணோணும்."

"ரெண்டு நாளைக்குப் பக்கத்துல யாரு வீட்லயாவது கட்டுங்கம்மா."

"பக்கத்துல யாரு இருக்கா? எல்லாம் தோட்டத்தை வித்து சைட்டு போட்டுட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து ஏழு முறை வாணியை அழைத்தார். அவள் எடுக்கவில்லை. ஓசூர் போகும் வண்டி வாசலில் வந்து நின்றது. கூடவே அடிமாட்டு வண்டியும் வந்தது. யாரும் கயிற்றைப் பிடுங்கவில்லை. தெய்வாத்தாளே அவிழ்த்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஓசூர் வண்டியில் ஏறினார்.

திங்கட்கிழமை வாணிக்கு முதல் பரிசு. சொன்ன சொல் தவறாமல் செவ்வாய்க்கிழமை உண்மையை எழுதினாள். "இடவலம் திருப்பறதெல்லாம் மாற்றத்துல சேராதுங்க, பரிசு உங்களுக்குத்தான்" என்று நடுவர்கள் பதில் போட்டார்கள். புதன்கிழமை குப்பணன் வண்டி பிடித்துத் தோட்டத்துக்குப் போனார். கட்டுத்தறியில் முளைக்குச்சி மட்டும் இருந்தது. அர்த்தநாரியைக் கேட்டால், "குறை கேட்டாங்க, சொன்னேன். மாட்டை அனுப்பச் சொன்னேனா?" என்கிறார்.

இப்போது சொல்லுங்கள். வாணி, குப்பணன், அர்த்தநாரி மூவரில் வெள்ளச்சியை அந்த வண்டியில் ஏற்றியது யார்?

விடை: அர்த்தநாரி படத்தில் கண்டதை மாட்டின் மேல் ஏற்றிச் சொன்னார். வாய்த்துடுக்குத்தான், ஆனால் கேட்டதற்குச் சொன்ன பதில். குப்பணன் ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சோம்பினார். அந்தப் பாவம் அவரை விடாது. ஆனால் இருவருக்கும் உண்மை தெரியாது. தெரிந்தவள் வாணி ஒருத்தி. படத்தைத் திருப்பியது குற்றமில்லை. வெள்ளிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டிருந்தாளே, அதுதான் ஏற்றியது. நடுவர்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பரிசும் இருந்திருக்கும், பசுவும் இருந்திருக்கும். இன்றைக்கும் யாராவது அந்தப் படத்துக்குக் கீழே, "உயிரோட நிக்கற மாதிரியே இருக்குங்க" என்று எழுதுகிறார்கள். வாணி கைகூப்பி நன்றி சொல்கிறாள்.