பிரேக்கில் இருந்த கால்

"பதினோரு வருஷமா கண்ண மூடி உக்கார்றனுங்கம்மா. ஒரு நிமிஷம் இந்த மனசு சொன்ன இடத்துல நின்னதில்லீங்க. போதுங்க. நாளைக்கு நீங்க மட்டும் ஊருக்குப் போங்க. நான் நைரோபியில மகன் வீட்டுலயே இருந்துக்கறேன். தியானமெல்லாம் நமக்கு ஆகாதுங்க."

கிட்டுசாமி இதைச் சொன்னது கென்யாவில், கண்ணுக்கெட்டிய வரை புல்லாகக் கிடந்த காட்டுக்கு நடுவில், பஞ்சராகி நின்ற ஜீப்பின் பின்சீட்டில். மணி காலை எட்டரை.

குரு சுலோசனா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டுசாமியைவிடப் பதினெட்டு வயது இளையவர். நைரோபித் தமிழர்கள் அவரைப் பேச அழைத்திருந்தார்கள்; சீடர் கிட்டுசாமி துணைக்கு வந்திருந்தார். பேச்செல்லாம் முடிந்து, இன்று ஒரு நாள் காடு பார்க்க வந்திருந்தார்கள்.

"என்ன அழகா நடக்குது பாருங்கண்ணா" என்றார் குரு.

"நான் சொன்னதுக்கு இதுங்களா பதில்?"

"இல்ல. ஒட்டகச்சிவிங்கி."

கிட்டுசாமி எதிர்ப்பக்க ஜன்னலுக்குத் திரும்பினார்.

டிரைவர் மொரா, முப்பது வயதுக்காரி, பன்னிரண்டே நிமிஷத்தில் டயரை மாற்றிவிட்டு ஏறினாள்.

பத்து மணிக்கு ரேடியேட்டர் கொதித்தது. மொரா தன் குடிதண்ணீரை எடுத்து ஊற்றினாள்.

கிட்டுசாமி முப்பத்திரண்டு வருஷம் வால்பாறை மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். வண்டியை முந்தின நாளே பார்த்து எடுத்திருக்க வேண்டாமா என்று முணுமுணுத்தார். ஆனால் தன் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சிரித்த முகத்தோடு வண்டியெடுத்த பெண்ணைத் திட்ட அவருக்கு மனசு வரவில்லை.

பதினொன்றரைக்கு ஓர் இறக்கத்தில் கியர் கம்பி கையோடு வந்துவிட்டது.

மொரா பிரேக்கை மிதித்து இன்ஜினை நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். டப்பென்று அதன் கேபிள் அறுந்தது.

யாராவது பிரேக்கை மிதித்துக்கொண்டால், தான் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பதாகச் சொன்னாள். கிட்டுசாமி எழுந்தார்.

அப்போதுதான் புதரிலிருந்து சிங்கம் வந்தது.

பெண் சிங்கம். பின்னால் மூன்று குட்டிகள். உச்சி வெயிலில் சுற்றிலும் ஒரு மரம் இல்லை. அந்த இடத்தில் நிழல் என்று இருந்தது இந்த ஜீப்பின் நிழல் மட்டும்தான். தாய் முன்பக்கமாக வந்து படுத்தது. குட்டிகள் முன்சக்கரத்தை ஒட்டிப் படுத்தன.

மொரா வயர்லெஸ்ஸில் கிசுகிசுத்தாள். உதவி வர ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். வந்தாலும் சிங்கம் எழுந்து போகும்வரை யாரும் இறங்க முடியாது.

இன்ஜின் நின்ற வண்டியின் பிரேக் கல் மாதிரி இறுகியிருக்கும். அரைமணி நேரத்தில் மொராவின் தொடை நடுங்கத் தொடங்கியது. நடுக்கத்தைப் பார்த்தவர் கிட்டுசாமிதான்.

மெல்ல முன்சீட்டுக்கு நகர்ந்தார். அவள் காலுக்கு மேலேயே தன் காலை வைத்து அழுத்தினார். அவள் பாதத்தை உருவிக்கொண்டு, டிரைவர் சீட்டை அவருக்கு விட்டு நகர்ந்தாள். வண்டி ஒரு விரற்கடைகூட அசையவில்லை.

"சபாஷ்" என்றார் குரு.

கிட்டுசாமி திரும்பவில்லை.

குரு, கூரைத் திறப்பில் தலையை நீட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"ஒரு குட்டி கொட்டாவி விடுது."

"ம்."

"ஒண்ணு அம்மா வாலைக் கடிக்குது. அது கண்டுக்கவே இல்ல. ராணிதான்."

"ம். மூணாவதுங்க?"

"தூங்குது. டயர்மேல தலைய வச்சு."

கிட்டுசாமி இன்னும் கொஞ்சம் அழுத்தினார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை. சட்டைப்பையிலிருந்த போனில் மகனின் அழைப்பு அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. மகன் வீட்டில் கண்ணை மூடினால் மருமகள் சட்னியில் போட்ட உப்பு முதல் பக்கத்து வீட்டு நாய் வரை வரிசையில் வந்து நிற்கும். இங்கே ஒன்றும் வரவில்லை. வரவில்லை என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

உதவி வண்டி வந்து, தள்ளியே நின்றது.

நிழல் மெல்ல நகர்ந்தது. தாய்ச் சிங்கம் எழுந்து சோம்பல் முறித்தது. பார்க்கக் கண் கோடி வேண்டும், அப்படியொரு கம்பீரம். நடந்தது. பின்னால் ஒரு குட்டி. இன்னொரு குட்டி.

"மூணாவதுங்க?"

"இன்னும் தூங்குது."

தாய் நின்றது. திரும்பி ஒருமுறை உறுமியது. ஜீப்பின் தகரமே அதிர்ந்தது. மொரா கண்ணை மூடிக்கொண்டாள். கிட்டுசாமியின் கால் அப்படியே இருந்தது.

"எந்திரிச்சிடுச்சு!" குருவின் குரல் குழந்தைக் குரலாகிவிட்டது. "ஓடுது, ஓடுது! கெடச்ச தூக்கம் போச்சேன்னு கோவம் வேற!"

நான்கும் உயரமான புல்லில் மறைந்த பிறகு மொரா இறங்கி, நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தாள். கையைக் காட்டினாள்.

கிட்டுசாமியின் கால் வரவில்லை. மரத்துப்போயிருந்தது.

குரு முன்னால் வந்து குனிந்தார். இரண்டு கைகளாலும் அந்தக் காலைத் தூக்கி எடுத்தார். எடுத்த கைகளை அப்படியே கண்களில் ஒற்றிக்கொண்டார்.

கிட்டுசாமி பதறிப்போனார். "அய்யோ அம்மா! என்னங்க இது, பாவமுங்க!"

"சும்மா இருங்கண்ணா."

"மணி என்னங்க?"

"ரெண்டே கால்."

அவர் முகம் சுருங்கியது. "பன்னெண்டு மணிக்கு தியானத்துக்கு உக்கார்றதுங்க. கடைசி நாள், அதையாவது ஒழுங்கா உக்காரலாம்னு இருந்தேன். அதுவும் போச்சுங்கம்மா. மன்னிச்சுக்கோங்க."

குரு அவர் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டார்: "இந்த ரெண்டே கால் மணி நேரமா எங்கண்ணா போயிருந்தீங்க?"

"எங்கீங்கம்மா போறது? இங்கயேதானுங்க இருந்தேன்."

சொன்ன பிறகுதான் அது கிட்டுசாமியின் காதில் விழுந்தது.