இருதயராஜின் பொத்தான்

கோவையில் கணினிப் பொத்தான்களைக் கடைந்து தரும் பட்டறை ஒன்று இருந்தது. சோறு கொண்டுபோகும் போசி அளவே உள்ள சின்னக் கணினிகளுக்குத் தாங்களே பெட்டி செய்துகொள்கிறவர்கள், அதை முடுக்கவும் நிறுத்தவும் நல்ல பொத்தான் வேண்டுமென்றால் அங்கேதான் வருவார்கள். பட்டறை வசந்தாமணியுடையது. நாற்பது வயதுக்காரி. அவளிடம் தொழில் கற்க வந்த இருதயராஜுக்கு அறுபது.

இருதயராஜ் மில்லில் சங்கம் கட்டியவர். மில் வாசலில் கூட்டம் போட்டதற்காக வேலை போனவர். அவர் எழுத்துக் கற்றதே துண்டறிக்கையில்தான். எந்த முதலாளியையும் 'சார்' என்று கூப்பிட்டதில்லை. அவருடைய சொத்து அது ஒன்றுதான். ஆனால் வசந்தாமணியை முதல் நாளே 'மேஸ்திரி' என்றார். கைக்குத் தலை வணங்கலாம், காசுக்குத்தான் கூடாது என்பது அவர் கட்சி. அவள் அவரைத் 'தோழர்' என்பாள். பாதி மரியாதை, பாதி கேலி.

அவர் கடைந்து கொடுத்த பொத்தான்களையெல்லாம் அவள் திருப்பிக் கொடுத்தாள். ஒன்று விரல் பட்டாலே அமுங்கியது. துடைக்கிற துணி உரசினால்கூடக் கணினி நின்றுவிடும் என்றாள். இன்னொன்று முரடு.

"இது பொத்தானுங்களா, மில் கேட்டுக் கதவுங்களா? ஆள் சேர்த்துத் தள்ளோணுமாட்ட இருக்குது" என்று சிரித்தாள்.

கடைசியில் ஒன்று அமைந்தது. பித்தளை. விரல் நுனி உட்காரும்படி நடுவில் லேசான குழி. சுற்றிலும் மெல்லிய ஒளி வளையம். வளையம் எரிந்தால் கணினி ஓடுகிறது, அணைந்தால் நின்றுவிட்டது. அமுக்கினால் 'டக்' என்று ஒரே சொல், மறுபேச்சு இல்லை. மேஸ்திரி அதை அமுக்கிப் பார்த்தாள். மறுபடியும் அமுக்கினாள்.

"இது விலைக்குப் போகலாம்" என்றாள்.

அன்று முழுக்க இருதயராஜ் யாரோடும் சண்டை போடவில்லை.

அந்தப் பொத்தானைத் தேடி வந்த முதல் ஆள், பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஜவுளிக்கடை முதலாளி. அவருடைய கடைகளில் கவுண்டர்தோறும் ஒரு சின்னக் கணினி, விற்பனைப் பெண்களைப் பார்த்தபடி ஒரு கேமரா, ஒரு மைக். எல்லாவற்றுக்கும் இதே பொத்தான் வேண்டும் என்றார். ஒரே ஒரு மாற்றம். அமுக்கினால் வளையம் மட்டும் அணைய வேண்டும். உள்ளே கேமராவும் மைக்கும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சாப்பாட்டு வேளையில் அந்தப் பிள்ளைகள் இப்போதிருக்கிற பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்களாம். அந்தப் பேச்சுத்தான் அவருக்குத் தேவையாம். பொத்தான் மேல் உங்கள் பெயரையே பொறித்துக்கொள்ளுங்கள் பெரியவரே என்று சொல்லிவிட்டு, யோசித்து வைக்கும்படி, எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனார்.

இருதயராஜின் பெயர் அதுவரை ஏறியதெல்லாம் குற்றப்பத்திரிகையிலும் பணிநீக்க ஆணையிலும்தான். பித்தளையில் ஏறும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

அவர் மேஸ்திரியின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"பொத்தான் என்ன பாவம் பண்ணுச்சு, மேஸ்திரி? அமுக்கினா டக்குங்குது. அதோட அதன் வேலை முடிஞ்சுது. உள்ளே கம்பியை எப்படிக் கட்டறாங்கங்கிறது அவங்க பாடு."

வசந்தாமணி அவர் கையிலிருந்த பொத்தானை வாங்கினாள். கடைசல் இயந்திரத்தின் பக்கத்தில் பொருத்தி, முதலாளி கேட்ட மாதிரியே கம்பியை இணைத்தாள். இயந்திரத்தை ஓடவிட்டாள். பித்தளைத் துண்டைக் கவ்வியிருந்த இரும்புத் தலை உறுமிக்கொண்டு சுழன்றது. வளையம் பளிச்சென்று எரிந்தது.

அவள் பொத்தானை அமுக்கினாள். டக். வளையம் அணைந்தது. இரும்புத் தலை சுழன்றுகொண்டே இருந்தது.

"வெளக்கு அணைஞ்சிருச்சுங்க, தோழர்" என்றாள். "கைய உள்ள வைங்க."

மில் வாசலில் மைக் இல்லாமலே ஆயிரம் பேருக்குக் கேட்கப் பேசியவர் கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

அவரே போய்ச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினார். தன் பொத்தானைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்தார். முதலாளி பாதி டீயில் இருந்தார். எங்கள் பொத்தானை அமுக்கினால் நிற்கும், நிற்காத சரக்கு எங்களிடம் இல்லை என்றார் இருதயராஜ். வளையம் அணைந்தாலும் காது திறந்திருக்கும் என்று ஜவுளிக்கடை வாசலில் ஒரு துண்டறிக்கை வரப்போவதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தார்.

"ஒரு பொத்தானுக்கா இத்தனை ரோசம்?" என்றார் முதலாளி.

"ஒரு பொத்தானுக்குத்தானுங்க."

அடுத்த தெருவில் இதே மாதிரி செய்து வாங்கிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறினார். அந்தச் சொல் மட்டும் இருதயராஜை முள்ளாகக் குத்தியது. பட்டறைக்குத் திரும்பியும் வேலை ஓடவில்லை.

"பாத்து அப்படியே அடிச்சுக் குடுக்க ஆளுங்க இருக்கும்போது, நம்ம பொத்தானுக்குன்னு என்ன மதிப்பு, மேஸ்திரி?"

வசந்தாமணி இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பொய் சொல்ல நெனச்சவரும், நம்புற மாதிரி வேணும்னு நம்ம பொத்தானைத்தானுங்க தேடி வந்தாரு, தோழர்."