வரிசையில் நிற்காத மழை

வெள்ளந்திபுரத்தில் ஒரு மழைக் கணிப்பு நிலையம் உண்டு. மற்ற ஊர்களில் மழை வருமா என்று தெரிய வேண்டுமானால் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். வெள்ளந்திபுரத்தில் அந்த வேலைக்கு மூன்று பேரை உட்கார வைத்து, தலைக்கு மேலே மின்விசிறியும் மாட்டிக் கொடுத்திருந்தார்கள்.

மூன்று பேரும் நல்லவர்கள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆண்டவன் அவர்களுக்கு நல்ல மனசை அள்ளி அள்ளிக் கொடுத்தான். அதை அள்ளுவதற்குள்ளேயே கை ஓய்ந்துவிட்டது போலிருக்கிறது. மற்ற சாமானை வைக்காமலே மூட்டையைக் கட்டி அனுப்பிவிட்டான்.

பொறுப்பாளர் பெயர் அரியநாயகம். காகிதத்தில் எழுதியிருந்தால்தான் எதையும் நம்புவார். வெயிலுமுத்து ஓடியாடி வேலை செய்பவர். எதற்காக ஓடுகிறோம் என்று கேட்பது மரியாதை இல்லை என்பது அவர் கொள்கை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காருபவர் ஞானப்பழம். அவருக்கு அடிக்கடி சந்தேகம் வரும். வந்ததில் ஒன்றுகூட இதுவரை வரவேண்டிய சந்தேகமாக இருந்ததில்லை.

மழையைக் கணக்குப் போட இவர்கள் கம்ப்யூட்டர் ஒன்று போதாது என்று, பல ஊர்க் கம்ப்யூட்டர்களைக் கம்பி வழியாகச் சேர்த்துக் கட்டிய ஒரு ஏற்பாட்டுக்கு வேலையை அனுப்புவார்கள். கிரிட் என்று அதற்குப் பெயர். ஒரு வீட்டு அடுப்பில் கல்யாணச் சோறு ஆகாது என்று நாற்பது வீட்டு அடுப்பில் பிரித்து வைப்பதில்லையா, அப்படித்தான். காலையில் ஒரு வேலைக் குறிப்பு போகும். எந்தக் கணக்கைப் போட வேண்டும், எந்த வரிசையில் நிற்க வேண்டும், எவ்வளவு நேரம், முடிந்ததும் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அது அங்கே போய் மற்ற ஊர் வேலைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்று, மாலையில் விடையோடு வரும். காலையில் பொத்தானைத் தட்டுவதும் மாலையில் விடையை வாசிப்பதும்தான் இவர்கள் மூவருக்கும் வேலை. இரண்டுக்கும் நடுவில் ரொம்பக் களைத்துப்போவார்கள்.

ஒரு பங்குனி மாதம், யாரோ ரோட்டைத் தோண்டியதில் அந்தக் கம்பி அறுந்துபோனது. ஜில்லாத் தலைநகரிலிருந்து ரஹ்மத் நிஷா என்ற என்ஜினீயர் வந்தாள். வரும்போதே அன்றைய காற்று, மேகக் கணக்கையெல்லாம் பென் டிரைவில் கொண்டுவந்து, கம்ப்யூட்டரில் ஒரு புது சாஃப்ட்வேரையும் ஏற்றினாள்.

"சார், இதுக்கு வொர்க்ஃப்ளோ டூல்னு பேரு. ஒரு வேலை முடிஞ்சதும் அடுத்த வேலையை அதுவே எடுத்துச் செஞ்சுரும். கிரிட்டுக்கு அனுப்புற அதே குறிப்பை இங்க குடுத்தாப் போதும், நம்ம கம்ப்யூட்டர்லயே கணக்குப் போட்டுரும். நம்ம ஊருக்கு மட்டும்தானே, பத்து நிமிஷம்."

"குறிப்புல ஏதாச்சும் மாத்தணுமாம்மா?" என்று கேட்டார் அரியநாயகம்.

"ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம் சார். அதுல என்ன இருக்கோ அது அப்படியே இங்கயே நடக்கும்."

அரியநாயகம் அதை டைரியில் எழுதிக்கொண்டு, அடியில் இரண்டு கோடும் போட்டார். அந்தப் பெண் நிம்மதியாக அடுத்த ஊருக்குப் போனாள். பாவம், சின்ன வயசு. இரண்டு கோடு போடும் ஆளைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அவள் போன கையோடு இருளாயி வந்து நின்றாள். அவளுடைய ஒரு வருஷத்து மிளகாய்ப் பழம் முழுக்கக் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. மழையில் நனைந்தால் அத்தனையும் வெளுத்துச் சண்டாகி, ஒன்றுக்கும் உதவாமல் போகும். வியாபாரி காலால்கூடத் தொடமாட்டான். பயந்துகொண்டு ஈரத்தோடு அள்ளிக் கட்டினால் மூட்டைக்குள்ளேயே பூசணம் பிடிக்கும்.

"அப்பு, இன்னிக்கு மழை வருமா வராதா? ஒத்தச் சொல்லு சொல்லுங்க. வரும்னா அள்ளிருதேன். வராதுன்னா இன்னும் ஒரு வெயில் காயட்டும்."

"உட்காருத்தா. பத்து நிமிஷம்" என்றார் அரியநாயகம்.

மணி பத்து. ஞானப்பழம் பொத்தானைத் தட்டினார். புது டூல் முதல் வேலையை முடித்தது, இரண்டாவதை முடித்தது, மூன்றாவதையும் முடித்தது. பத்தே நிமிஷத்தில் "முடிந்தது" என்று திரையில் எழுத்து வந்தது. அதற்குக் கீழே விடையும் வர ஆரம்பித்தது.

"நிறுத்துய்யா!" என்று கத்தினார் அரியநாயகம். "பாக்காத! கண்ணை மூடு!"

ஞானப்பழம் கண்ணை மூடிக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று வெயிலுமுத்துவும் மூடிக்கொண்டார். அரியநாயகம் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரைமேல் போட்டு மூடினார்.

"குறிப்பை எடுத்து வாசி. ரெண்டாவது வரி என்ன?"

"'பொது வரிசையில் நிற்கவும்'னு இருக்கு சார்."

"நின்னுச்சா?"

"இல்ல சார். நேரா உள்ள போயிருச்சு."

"மூணாவது வரி?"

"'நேரம்: ஆறு மணி நேரம்.'"

"எவ்வளவு ஆச்சு?"

"பத்து நிமிஷம்."

இருபது வருஷமாக நேர்மைக்குப் பேர்போன அலுவலகத்தில் இப்படி ஒரு காரியம் நடந்துவிட்டதே என்று மூவரும் தலையைக் குனிந்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் நிறுத்திவிடு என்பதற்காக எழுதிய வரி அது. அதைச் சொல்ல அங்கே யாருமில்லை.

"ஏன் அப்பு, விடை வந்திருச்சுல்ல? அந்தத் துண்டை எடுங்களேன்" என்றாள் இருளாயி.

"வந்திருக்குத்தா. முறையா வரல. மத்தவங்களை முந்திக்கிட்டு வந்த விடையை நம்பி நீ மிளகாயை அள்ளுவியா?"

"நான் தாராளமா அள்ளுவேன்."

"அதான் படிச்சவங்கன்னு நாங்க மூணு பேரு இருக்கோம்."

குறிப்பை முறைப்படி மறுபடி நடத்துவது என்று முடிவானது. இங்கேதான் ஞானப்பழத்துக்குச் சந்தேகம் வந்தது.

"சார், வரிசையில நிக்கணும்னா முன்னாடி யாராச்சும் நிக்கணுமே? கிரிட்டுல நாப்பது வேலை நமக்கு முன்னாடி நிக்கும். இங்க ஒண்ணும் இல்லியே. ஆளே இல்லாத இடத்துல நின்னா அது வரிசையா, சும்மா நிக்கிறதா?"

அரியநாயகம் ரொம்ப நேரம் யோசித்தார். "நல்ல கேள்வி. சும்மா நிக்கிறதுதான். வெயிலுமுத்து, நாப்பது பேரைக் கூட்டிட்டு வா."

வெயிலுமுத்து எதற்கு என்று கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் திரும்பினார். பின்னால் நாற்பது பேர், ஒருவர் பின் ஒருவராக, கையில் பையும் பாட்டிலுமாக.

"ரேசன் கடையில ரெடியாவே வரிசை இருந்துச்சு சார். கலைக்காம அப்படியே கொண்டாந்துட்டேன்."

"எப்படிய்யா வந்தாங்க?"

"முதல் ஆளுகிட்ட 'வாங்க'ன்னேன். மத்தவங்க அவரு பின்னாடியே வந்துட்டாங்க. யாரும் ஒண்ணும் கேக்கல."

வெள்ளந்திபுரத்தில் அறிவு எல்லாருக்கும் சமமாகத்தான் பங்கிடப்பட்டிருந்தது.

வேலை ஆரம்பமானது. ஒவ்வொருவராகக் கம்ப்யூட்டர் முன்னால் வருவார்கள். "பாமாயில் வந்திருச்சா?" என்று கேட்பார்கள். ஞானப்பழம் துண்டு மூடிய திரையைப் பார்த்து, "உங்க வேலை முடிஞ்சது" என்பார். பாமாயில் தராமல் வேலை எப்படி முடியும் என்று அவர்கள் மறுபடி கடைசியில் போய் நின்றுகொள்வார்கள். முதல் ஆள் மூன்று தடவை சுற்றி வந்தபின்தான் வரிசை குறையவே இல்லை என்று ஞானப்பழம் கண்டுபிடித்தார்.

"கூட்டம் இருக்குன்னா நல்லாத்தான் நடக்குதுன்னு அர்த்தம்" என்றார் அரியநாயகம்.

பொறுமை இழந்த இருளாயி நேராக மேஜைக்கு வந்தாள். மணி ஒன்று ஆகியிருந்தது.

"அப்பு, தெக்க பாருங்க, கருத்துக்கிட்டு வருது. ஒரு சொல்லு சொல்லுங்கய்யா, புண்ணியமாப் போகும்."

"முந்தக் கூடாதுத்தா. கடைசியில போய் நில்லு."

"நான் பாமாயிலுக்கா வந்தேன்?"

"ஏம்மா, நாங்க மட்டும் என்ன வேலையத்தா நிக்கிறோம்? பின்னாடி போ" என்றார் வரிசையில் நின்ற ஒருவர், பாட்டிலை மறு கைக்கு மாற்றிக்கொண்டே.

இருளாயி நாற்பத்தோராவது ஆளாக நின்றாள். வாசலுக்கு வெளியே நின்றதில் ஒரு வசதி, வானம் நன்றாகத் தெரிந்தது. அவள் கும்பிடாத சாமி இல்லை. வானத்தைப் பார்ப்பாள், களத்துப் பக்கம் பார்ப்பாள், முன்னால் இருக்கும் தலைகளை எண்ணுவாள்.

மணி மூன்றுக்கு அவள் முறை வந்தது.

"உங்க வேலை முடிஞ்சது" என்றார் ஞானப்பழம்.

"என் பொழப்பே முடிஞ்சிரும்போல இருக்கு" என்று இருளாயி ஒரே இழுப்பில் துண்டை உருவினாள். மூவரும் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார்கள். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு படித்தவள். திரையில் காலை பத்து பத்துக்கே வந்த விடை அப்படியே நின்றது: இன்று மாலை நான்கு மணிக்குக் கனமழை.

அவள் யாரையும் திட்டவில்லை, அதற்கு நேரமில்லை. வரிசையைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏப்பா, கலையாம அப்படியே எம் பின்னால வாங்க! ஆளுக்கு ரெண்டு கை வத்தல் தாரேன்!"

முதல் ஆள் நடந்தார். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

களத்திலிருந்து பள்ளிக்கூடக் கட்டடம் வரை நாற்பது பேரும் வரிசையாகவே நின்றார்கள். அள்ளிய மிளகாய் கூடை கூடையாகக் கை மாறிப் போனது. காலையிலிருந்து நின்று பழகிய வரிசை அல்லவா, ஒரு கூடைகூடத் தவறவில்லை. கடைசிக் கூடை கூரைக்குள் போகவும் முதல் துளி களத்தில் விழவும் சரியாக இருந்தது. இருளாயி பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து, சொன்னபடி ஆளுக்கு இரண்டு கை வற்றல் அளந்தாள்.

நிலையத்தில் மணி நான்கு. ஆறு மணி நேரம் முறைப்படி முடிந்தது. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து அரியநாயகத்தின் சட்டை நனைந்தது.

"இப்ப கடைசி வரியை வாசி."

"'முடிந்ததும் பொறுப்பாளருக்குத் தகவல் அனுப்பவும்.' சார், முடிஞ்சிருச்சு. விடை என்னன்னா..."

"சொல்லாத! அனுப்பணும்னுதான் இருக்கு. சொல்லணும்னு இல்ல."

"கம்பிதான் அறுந்துபோச்சே சார், எப்படி அனுப்புறது?"

"கம்பி இல்லாட்டி என்ன, தபால் இருக்குல்ல?"

ஞானப்பழம் ஒரு தபால் கார்டில் விடையை எழுதினார். பெறுநர் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தார். கார்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் போய்த் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, தெப்பமாக நனைந்து திரும்பினார்.

"என்னய்யா இப்படி நனைஞ்சிருக்க? வெளிய மழையா?"

"சொல்லக் கூடாது சார். கார்டுல எழுதியிருக்கேன்."

அரியநாயகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "இப்படி நாலு பேரு இருந்தா நாடு எங்கயோ போயிரும்" என்றார். அதில் சந்தேகமே இல்லை.

மறுநாள் பதினோரு மணிக்குத் தபால்காரர் கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. அரியநாயகம் கார்டை வாசித்தார், ஒலிபெருக்கியை எடுத்தார். "இன்று மாலை நான்கு மணிக்குக் கனமழை. பொதுமக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்."

மிளகாயை மறுபடி களத்தில் பரப்பிக்கொண்டிருந்த இருளாயிக்கு அது கேட்டது. அவள் கையைக்கூட நிறுத்தவில்லை.

கம்பியை ஒட்டுப்போட வந்த ரஹ்மத் நிஷா நிலையத்தில் எட்டிப் பார்த்தாள். "டூல் நல்லா ஓடுச்சா சார்? பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கணுமே?"

"முடிக்கத்தான் பாத்துச்சும்மா. நாங்க விடல."

அந்தப் பெண் நின்று எல்லாக் கதையையும் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு கம்பியை ஒட்டப் போனாள்.

நான்கு மணிக்கு மூவரும் குடையை விரித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். மழை வரவில்லை. ஐந்தும் ஆனது. ஆறும் ஆனது. ஞானப்பழத்தின் முகம் வாடிப்போனது.

"சார், நம்ம கணிப்பு தப்பாயிருச்சா?"

"கணிப்பு தப்பில்லய்யா" என்றார் அரியநாயகம். "யோசிச்சுப் பாரு. நம்ம விடை வரிசையில நின்னுச்சு, ஆறு மணி நேரம் எடுத்துச்சு, தபால்ல வந்துச்சு. எல்லாம் முறையா நடந்திருக்கு. மழைதான் ஒண்ணுலயும் நிக்காம நேத்தே முந்திக்கிட்டு வந்திருச்சு. தப்பு அது மேலதான்."

மூவருக்கும் மனசு லேசானது. அன்றே மேகத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் தயாரித்தார்கள். இனிமேல் பொது வரிசையில் நின்றுதான் வரவேண்டும் என்று எழுதி, முத்திரை குத்தி, ஊர்த் தண்ணீர்த்தொட்டியின் உச்சியில் எழுத்து வானத்தைப் பார்க்கும்படி ஒட்டினார்கள்.

இறங்கும்போது ஞானப்பழத்துக்குச் சந்தேகம் வந்தது. "சார், மேகத்துக்குப் படிக்கத் தெரியுமா?"

அரியநாயகம் ஏணியின் நடுவில் நின்று யோசித்தார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வெயிலுமுத்து அந்தத் தொட்டிமேல் ஏறி, மேலே பார்த்து, நோட்டீஸைச் சத்தமாக வாசித்துவிட்டு வருகிறார். மேகம் இல்லாத நாட்களில் மூன்று தடவை வாசிக்கிறார். தூரத்தில் இருக்கும் அல்லவா, கேட்க வேண்டுமே.