ஐந்து ஊர்ச் சங்கிலி

ஐரோப்பாவின் வடக்கே, குளிர்காலத்தில் கடலே உறைந்துபோகும் ஒரு வளைகுடாவின் கரையில் ஐந்து துறைமுக ஊர்கள் இருந்தன. எந்த ஊர்க் கருவாடு உசத்தி, யார் படகு முதலில் போவது என்று அவர்களுக்குள் வழக்கு ஓயாது. ஒன்றே ஒன்று ஐந்து ஊருக்கும் பொது. வளைகுடாவின் வாயில் குறுக்கே கிடந்த இரும்புச் சங்கிலி. இழுத்துக் கட்டினால் பகைவர் கப்பல் நுழைய முடியாது. தளர்த்தினால் நீருக்குள் இறங்கி வழி விடும்.

பொது என்பது பேருக்குத்தான். ஊருக்கு ஒரு துண்டாக அடித்திருந்தார்கள். துண்டுகளை இணைத்த நான்கு பூட்டுகளும் மேற்கு மாமன்னருடையவை.

அதற்குக் காரணம் ஒரு பழைய சத்தியம். வேற்றூர் இரும்பு எங்கள் உலையில் ஏறாது என்று ஐந்து ஊர்க் கொல்லர்களும் பாட்டன் காலத்தில் சத்தியம் செய்திருந்தார்கள். தங்கள் இரும்பை அடுத்த ஊர் உலைக்கு அனுப்புவது அதைவிட மானக்கேடு. பிறகு துண்டுகளை யார் இணைப்பது? கடல் கடந்து காவலுக்கு வந்த மாமன்னரின் கப்பற்படை பூட்டுப் போட்டு இணைத்துக் கொடுத்தது. சாவியை அவர்களே வைத்துக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு இலையுதிர் காலத்தில் மாமன்னரின் தூதர் வந்து இறங்கினார்.

“மன்னரின் கவனம் இப்போது வேறொரு கடலில் இருக்கிறது. எங்கள் கப்பல்கள் போகின்றன. பூட்டுகளையும் கழற்றிக்கொள்வோம். நாங்கள் இங்கேயே இருக்க வேண்டுமென்றால், வாயிலில் நிற்கும் விளக்குப் பாறையை எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள். அதன்பின் யார் உள்ளே வரலாம், யார் வெளியே போகலாம் என்பதை நாங்கள் சொல்வோம்.”

கிழக்கத்தி அரசன் அந்தக் கோடையில்தான் எதிர்க்கரையில் ஒரு துறைமுகத்தை எரித்துச் சாம்பலாக்கியிருந்தான். அடுத்த பனி உருகியதும் அவன் எங்கே வருவான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தூதருக்குப் பதில் சொல்லும் பொறுப்பை ஐந்து ஊரும் சேர்ந்து ஓல்மார் ஊர்த் தலைவர் யோர்கன் தலையில் கட்டின. நல்லது நடந்தால் பெருமை ஐந்து ஊருக்கும். கெட்டது நடந்தால் பழி யோர்கனுக்கு.

யோர்கன் படகை எடுத்துக்கொண்டு விளக்குப் பாறைக்குப் போனார். அங்கே கலங்கரை நெருப்பைக் காத்துவந்த துறவி பிர்கித்தாதான் அவருடைய குரு. குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு எழுபது. ஊர் இதைச் சொல்லிச் சிரிக்கும். யோர்கன் அந்தச் சிரிப்பைப் பொருட்படுத்தியதில்லை. பாறையில் ஏறும்போது வரும் முழங்கால் வலிதான் அவருக்குப் பெரிய விஷயம்.

பிர்கித்தா வெயிலில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“தாயே, இந்தப் பாறையைக் கொடுத்துடலாமா?”

“கொடுத்தா?”

“பூட்டு இருக்கும். உயிர் பிழைக்கலாம்.”

“சங்கிலி யாரோடது, பெரியவரே?”

“எங்களோடது.”

“பூட்டு?”

“அவரோடது.”

“அப்போ சங்கிலி யாரோடது?”

யோர்கனுக்குச் சுருக்கென்றது. கூடவே கோபமும் வந்தது.

“கேக்க நல்லாத்தான் இருக்கு. பூட்டு இல்லாம அஞ்சு துண்டையும் சேக்கணும்னா உலை வேணும். எந்த ஊர் உலை? நடுவுல புதுசா ஒரு வளையம் போடலாம்னா, அது எந்த ஊர் இரும்புன்னு அதுக்கு ஒரு சண்டை. இதுக்கு வழி சொல்லுங்க முதல்ல.”

பிர்கித்தா கையைத் துடைத்துக்கொண்டு அவரை மேலே அழைத்துப் போனார். அங்கே கலங்கரை நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு விறகு கொடுப்பது ஐந்து ஊருக்கும் முறை. ஓல்மாரிலிருந்து பைன், ஸ்டெய்னாவிலிருந்து பிர்ச், மற்ற ஊர்களிலிருந்து கிடைத்த மரம். அவர் இடுக்கியை எடுத்து யோர்கன் கையில் கொடுத்தார்.

“இதுல உங்க ஊர் நெருப்பைத் தனியா எடுத்துக் காட்டுங்க.”

யோர்கன் இடுக்கியோடு குனிந்தார். அனல் முகத்தில் அடித்தது. தணலைக் கிளறிப் பார்த்தார். பிறகு இடுக்கியைக் கீழே வைத்தார்.

“இங்கேயே ஒரு உலை போடணும்” என்றார் மெதுவாக. “இந்த நெருப்புல.”

பிர்கித்தா நெருப்பில் இன்னொரு விறகைச் செருகினார்.

“ஆனா எவன் தாயே முதல்ல இரும்பைக் கொண்டுவருவான்?”

“கேள்வி கேட்டவர்.”

பாறை தருவதற்கில்லை என்று யோர்கன் தூதரிடம் சொன்னார். தூதர் சிரித்துவிட்டுக் கப்பல் ஏறினார். நான்கு பூட்டுகளும் அவரோடு போயின. சங்கிலி ஐந்து துண்டாகக் கிடந்தது.

ஓல்மார்ப் பட்டறை வாசலில் யோர்கனின் மச்சான் ஹல்வார் வழிமறித்தான். அவன்தான் ஊர்க் கொல்லன்.

“மாமா, அது எங்க பாட்டன் அடிச்ச சங்கிலி. அதோட கடைசி வளையத்தை வெட்டப்போறீங்களா? வாய் பிளந்த வளையம்னு ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்டா. ஊர் எரியறதுக்கு ஊர் சிரிக்கிறது தேவலை.”

ஹல்வார் சம்மட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

யோர்கன் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சங்கிலியின் முனையைப் பாறைக்குக் கொண்டுபோனார். கலங்கரை நெருப்பிலிருந்து தணல் எடுத்து உலை மூட்டினார். தன் கையாலேயே வளையத்தை வெட்டினார். பழக்கமில்லாத கை, வெட்டு கோணல்மாணலாகப் போயிற்று. வெட்டிய வளையத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துருத்தி ஊதியபடி காத்திருந்தார்.

யாரும் வரவில்லை. ஓல்மார் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது என்று நான்கு ஊரும் கேலி பேசிற்று. குளிர் முற்றியது, கடல் உறைந்தது. கிழவருக்குப் பயமாகத்தான் இருந்தது. தான் ஏமாந்துவிட்டோமோ என்றுகூட நினைத்தார். ஆனால் துருத்தியை விடவில்லை.

ஒருநாள் காலையில் உறைந்த கடல்மேல் ஒரு சறுக்குவண்டி வந்தது. ஸ்டெய்னா ஊர்க் கொல்லன் கிரிம் தன் ஊர்ச் சங்கிலி முனையை அதில் ஏற்றி இழுத்து வந்திருந்தான். ஓல்மார்க்காரர்களோடு பேச்சு வார்த்தையே இல்லாத ஆள். வந்தவன் வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

“இவ்வளவு கேவலமா வெட்டினது யாரு?”

“நான்தான்பா.”

“தள்ளுங்க. பாக்கவே கண்ணு கூசுது.”

அவன் தன் ஊர் வளையத்தை அந்தப் பிளவுக்குள் மாட்டி உலையில் வைத்தான். இரும்பு சிவந்தது. சம்மட்டியை ஓங்கினான். அந்தச் சத்தம் உறைந்த கடலைத் தாண்டி ஓல்மார் வரைக்கும் கேட்டது.

மதியத்துக்குள் ஹல்வார் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“எங்க ஊர் வளையத்துல ஸ்டெய்னாக்காரன் சம்மட்டியா?”

கிரிம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இன்னொரு சம்மட்டியைக் காலால் அவன் பக்கம் தள்ளினான். “அப்போ நீயும் அடி.”

இருவரும் மாற்றி மாற்றி அடித்தார்கள். வளையம் மூடியது. எங்கே பிளவு இருந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. யோர்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

அதற்குப் பிறகு மற்ற மூன்று ஊரும் சும்மா இருக்குமா? தங்களை விட்டுவிட்டுச் சங்கிலி முடிந்துவிடுமோ என்ற பொறாமையே அவர்களை இழுத்து வந்தது. எது இழுத்து வந்தால் என்ன, வந்தார்கள். குளிர் முடிவதற்குள் ஐந்து துண்டும் ஒரே சங்கிலியாகி மறுபடி வாயிலின் குறுக்கே கிடந்தது.

பனி உடைந்த வாரத்திலேயே கிழக்கத்தி அரசனின் கப்பல்கள் வந்தன. பூட்டுகள் போன செய்தி அவனுக்கு எட்டியிருந்தது. முதல் கப்பல் பாய் விரித்து முழு வேகத்தில் வாயிலுக்குள் பாய்ந்தது. ஐந்து ஊர் ஆட்களும் இரு கரையிலும் நின்று சங்கிலியை இழுத்தார்கள். நீருக்குள்ளிருந்து அது விறைத்துக்கொண்டு எழுந்தது. கப்பல் மோதியது. சங்கிலி முனகியது, ஒரு வளையமும் விடவில்லை. கப்பலின் முகப்புதான் பிளந்தது. பின்னால் வந்தது முன்னால் நின்றதன்மேல் ஏறியது. மீதிக் கப்பல்கள் திரும்பிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! ஐந்து ஊர் மணிகளும் ஒரே சமயத்தில் அடித்தன. ஹல்வாரும் கிரிமும் யோர்கனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். யோர்கன் முழங்காலை மறந்து கத்தினார். அவர் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் கண்டதில்லை.

கோடையில் மேற்கு மாமன்னரின் கப்பல் ஒன்று சங்கிலிக்கு வெளியே வந்து நங்கூரம் போட்டது. பழைய தூதரேதான். உள்ளே வர அனுமதி கேட்டு அவர் ஆள் அனுப்பினார்.

“விடாதீங்க மாமா” என்றான் ஹல்வார். “ஆபத்துல அம்போன்னு விட்டுட்டுப் போனவங்க. வெளியவே கிடக்கட்டும்.”

“பழையபடி பூட்டைத் தூக்கிட்டு வந்திருப்பாங்க” என்றான் கிரிம்.

இரண்டு பேரும் சொன்னது நியாயமாகவே பட்டது. யோர்கனுக்கும் உள்ளுக்குள் அந்த ஆத்திரம் இருந்தது. அவர் பாறைக்குப் போனார்.

“தாயே, அந்தத் தூதர் வெளிய காத்துக்கிட்டு நிக்கிறார். என்ன செய்யட்டும்?”

“அனுமதி கேட்டாரா?”

“கேட்டார்.”

“இதுக்கு முன்னால எப்பவாவது கேட்டிருக்காரா?”

யோர்கன் யோசித்துப் பார்த்தார். “இல்லை.”

பிர்கித்தா சிரித்தார்.

“சங்கிலியை இறக்குங்க, பெரியவரே. இன்னைக்குத்தான் அவர் நம்ம வீட்டுக்கு விருந்தாளியா வர்றார்.”