கன்னிக்கு ஒரு கூறை

நல்லம்மைக்கு இன்னும் நாற்பது வயது ஆகவில்லை. அவளிடம் சீடனாக வந்து சேர்ந்த பேச்சிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு. "சீடனுக்குத் தலை நரைச்சாச்சு, குருவுக்கு எப்ப நரைக்கும்?" என்று ஊரில் கேலி பேசினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் ஆற்றங்கரை மடத்துக்கு வருவார். முற்றத்தைப் பெருக்குவார், குடத்தில் தண்ணீர் எடுத்து வைப்பார். கேட்க ஏதாவது இருந்தால் கேட்பார், இல்லையென்றால் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். அவர் அவளைத் தாயே என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை அவர் விளக்குமாற்றைத் தொடவில்லை.

"தாயே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"மூத்தவ இருக்க, இளையவளுக்குக் கல்யாணம் முடிக்கலாமா?"

நல்லம்மை அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அவருடைய மூத்த மகள் சந்தனமாரி காய்ச்சலில் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது.

"யாரு கேக்கா? நீங்களா, வீட்டம்மாவா?"

"அவதான் கேக்கா. பதில் சொல்லத் தெரியாம நானும் கேக்கேன்."

கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்பிள்ளை, அந்தப் பக்கத்து வீடுகளில் கன்னித் தெய்வம். ஓர் ஓலைப்பெட்டியில் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், சீப்பு, பொட்டு எல்லாம் வைத்து வீட்டுக்குள் உயரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். வருஷம் ஒரு நாள் பெட்டியை இறக்கிக் கும்பிட்டுப் புதுத்துணி வைப்பார்கள். பெட்டியில் இருந்த பழைய துணியை வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு உடுத்தக் கொடுப்பார்கள். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போனால் முதல் துணி கன்னிக்குத்தான். மறந்தால் அவள் கோபித்துக்கொள்வாள், கல்யாணத்தில் ஏதாவது கோளாறு வரும் என்று பயம்.

மற்ற வீட்டுக் கன்னிகள் வளர்வதில்லை. பூட்டன் காலத்தில் செத்த பிள்ளைக்கும் இன்றுவரை சின்னப் பாவாடைதான். பேச்சிமுத்துவின் மனைவி சண்முகத்தாயின் கன்னி மட்டும் வளர்ந்தாள். எட்டு வயதில் போன பிள்ளைக்கு அடுத்த வருஷம் ஒன்பது வயதுக்குத் தகுந்த பாவாடை எடுத்தாள் தாய். அதற்கு அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் நீளம். பிறகு தாவணி வந்தது, அதற்குப் பிறகு சேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எடுத்த புதுசுகூடப் பெட்டிக்குத்தான் போயிற்று. பெட்டியில் இருந்தது இளையவள் கோமதிக்கு வந்தது.

கோமதி அக்காவுக்கு மூன்று வயது இளையவள். எதைப் போட்டாலும் தோள் இறங்கும், பாவாடை தரையைக் கூட்டும். உள்பக்கமாக மடித்துத் தைத்துப் போட்டுக்கொள்வாள். அந்தத் துணி அவளுக்குச் சரியாக வருகிற நேரத்தில் பெட்டியிலிருந்து அடுத்தது இறங்கிவிடும்.

ஊரில் யாரும் தப்புச் சொல்லவில்லை. பெற்ற வயிறு, என்னவோ செய்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். பேச்சிமுத்துவும் விட்டுவிட்டார். உள்ளதைச் சொன்னால், அது அவருக்கு வசதியாகவும் இருந்தது. மூலையில் கிடந்து அழுகிற பெண்டாட்டியைவிட, அளவு பார்த்துத் துணி எடுக்கிற பெண்டாட்டியோடு குடும்பம் நடத்துவது சுலபம்.

"இப்ப என்ன செய்யணும்ங்கா?" என்று நல்லம்மை கேட்டாள்.

"முகூர்த்தத்துக்கு எடுக்கிற கூறைச் சேலைய மூத்தவளுக்குன்னு எடுக்கணுமாம் தாயே. முதல் நாளே பெட்டிக்குள்ள வச்சு, சந்தனமாரிக்குக் கல்யாணம் முடிஞ்சதா நெனச்சுக்கிடணும். மறுநாள் அதையே எடுத்துக் கோமதி உடுத்திக்கிட்டு மணையில உக்காரணும். அப்படிங்கா."

"கோமதி என்ன சொல்லுதா?"

"அவ என்னைக்கு என்ன சொன்னா? சரிங்கா."

"மாப்பிள்ளை வீட்டுல?"

"தங்கமான மனுசங்க. கூறை அவங்க எடுக்க வேண்டியது. 'பிள்ளைக்குப் பிடிச்சதா நீங்களே கூட்டிட்டுப் போய் எடுங்க, எங்களுக்கு அது போதும்'னுட்டாங்க."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"மனசு ஒப்பல தாயே. ஏன் ஒப்பலன்னு கேட்டா சொல்லத் தெரியல."

"ஜவுளி எடுக்க என்னைக்குப் போறிய?"

"புதன்கிழமை."

"நானும் வாரேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதிலை வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் வந்தார். குருவே கிளம்பி வருவாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

"கல்யாண ஜவுளி எடுக்கப் போற எடத்துக்குக் காவி கட்டுன பொம்பளையா? நல்லா இருக்கு சகுனம்!" என்று சண்முகத்தாய் வீட்டில் தாம் தூம் என்று குதித்தாள். ஆனால் புதன்கிழமை காலையில் பஸ் நிறுத்தத்தில் நல்லம்மையைக் கண்டதும் கை தானாகக் கும்பிட்டது. காவி கட்டிய சாமியை முறைத்துக்கொள்ள அவளுக்குத் துணிச்சல் கிடையாது.

பஸ்ஸில் நல்லம்மை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பேச்சிமுத்து பின் இருக்கையில் மகளோடு இருந்தார்.

"மூத்தவளுக்கு என்னம்மா பிடிக்கும்?"

இதைக் கேட்டதும் சண்முகத்தாயின் முகம் மலர்ந்துவிட்டது. சந்தனமாரிக்குப் பாகற்காய் ஆகாது. மல்லிகைப்பூவைவிடப் பிச்சிப்பூதான் இஷ்டம். கத்தரிப்பூ நிறத்தைக் கண்ணால் பார்க்கச் சகிக்காது, அரக்கு என்றால் உயிர். கோபம் வந்தால் சாப்பிடாமல் கிடப்பாள். டவுன் வந்து சேரும்வரை தாய் வாய் ஓயவில்லை. கேட்கிறவர்கள் யாரும் அந்தப் பெண் இறந்துபோனவள் என்று சொல்லமாட்டார்கள்.

"கோமதிக்கு?"

"அவளுக்கா? எதைக் கொடுத்தாலும் திம்பா, எதைக் கொடுத்தாலும் உடுத்துவா. நல்ல பிள்ளை. ஒரு தொந்தரவு கெடையாது."

பின் இருக்கையில் கோமதி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ரவிக்கையின் தோளில் பிடித்துத் தைத்திருந்த தையல் பேச்சிமுத்துவின் கண்ணில் பட்டது. தினமும் பட்டதுதான். அன்றைக்கு அவரால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

பட்டுக்கடை மாடியில் வெள்ளை மெத்தை விரித்திருந்தார்கள். வந்தவர்களுக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். நல்லம்மை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுச் சுவரோரம் சாய்ந்துகொண்டாள். உபதேசம் செய்ய வந்தவளாகத் தெரியவில்லை, சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற சொந்தக்காரி மாதிரி இருந்தாள்.

"யாருக்கும்மா கூறை?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எம் மவளுக்கு. அரக்குல காட்டுங்க. அவ நல்ல செவப்பு. வளத்தி. தலைமுடி இடுப்புக்குக் கீழ கெடக்கும். கரை பெருசா இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்."

கடைக்காரர் அவர்களை ஒருமுறை பார்த்தார். கூட உட்கார்ந்திருந்த பெண் மாநிறம், குட்டை. முடியும் சுமார்தான்.

"பொண்ணைக் கூட்டிட்டு வரலியாம்மா?"

கோமதி எழுந்து நின்றாள்.

"நான்தான்" என்றாள், தப்புச் செய்துவிட்டவள் போல.

பேச்சிமுத்து மகளை நிமிர்ந்து பார்த்தார். மகள் அப்படிச் சொன்னது ஒரு பக்கம். அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. மனைவி சொல்லிக்கொண்டு வந்தபோது அந்தச் சிவந்த, உயர்ந்த பெண் அவர் கண் முன்னாலும் வந்து நின்றாள். பக்கத்தில் இருந்த கோமதி, கடைக்காரர் கேட்கிறவரைக்கும் அவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

சேலைகளை ஒவ்வொன்றாகக் கோமதியின் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார்கள். சண்முகத்தாய் கண்ணாடியைப் பார்த்து, "சந்தனமாரிக்கு இது தூக்கலா இருக்கும்", "இது அவளுக்கு வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோமதி கடைப் பொம்மையைப் போல அசையாமல் நின்றாள்.

"கோமதி" என்று சுவரோரத்திலிருந்து நல்லம்மை கூப்பிட்டாள். "உனக்கு எந்தக் கலரும்மா பிடிக்கும்?"

"அக்காவுக்கு அரக்குதான் பிடிக்கும்."

"அக்காவக் கேக்கல."

கோமதி தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தகப்பனின் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியலியே."

"இம்புட்டுக் கெடக்கேம்மா. ஏதாவது ஒண்ணத் தொட்டுக் காட்டேன்" என்றார் பேச்சிமுத்து.

"எப்படிப்பா சொல்லுவேன்? யாரும் கேட்டதில்லையே."

கோபமாகச் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்பதைப் போலச் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் பேச்சிமுத்து தாங்கியிருப்பார்.

"அவளை ஏன் போட்டுப் படுத்துதிய?" என்றாள் சண்முகத்தாய். "அக்காவுக்கு எடுத்தது எதுவோ அதான் அவளுக்கும் பிடிக்கும். சின்னதுலேர்ந்தே அப்படித்தான்."

நல்லம்மை கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "தம்பி, சின்னப் பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை இருக்குமா? எட்டு வயசுக்கு."

இருந்தது. இலைப்பச்சையில் ஒன்று எடுத்து வந்தார்கள். நல்லம்மை அதை வாங்கிச் சண்முகத்தாயின் மடியில் வைத்தாள்.

"இது யாருக்கு?"

"முதல் துணி கன்னிக்குத்தான எடுக்கணும்?"

"அவளுக்கு இப்ப இருபத்தாறு வயசு!" சண்முகத்தாய்க்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. சாமி என்றும் பார்க்கவில்லை. பாவாடையை எடுத்து நீட்டிக்கொண்டு எழுந்தாள்.

எழுந்த வேகத்தில் மடிப்புக் கலைந்து பாவாடை முழுசாகத் தொங்கியது. திருப்பிக் கொடுக்கப் போனவள், பிள்ளை பெற்ற எல்லாப் பெண்களும் செய்வதைப் போல, அதன் இடுப்பைப் பிடித்து அடிக்கரை தரையைத் தொடுகிற மாதிரி நிறுத்திப் பார்த்தாள். அது அவள் இடுப்பு உயரம்கூட வரவில்லை. மற்றக் கை, மேலே ஒரு தலை இருக்கவேண்டிய இடத்தைத் தடவப் போனது. அவளுடைய நெஞ்சுக்கு நேரே வந்து நின்றுவிட்டது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா இருந்தா?"

"இம்புட்டுத்தான்" என்றார் பேச்சிமுத்து. இத்தனை வருஷத்தில் செத்துப்போன பிள்ளையைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் பேசியது அதுதான் முதல் தடவை. அதுவரை பேசியதெல்லாம் வேறு யாரோ ஒருத்தியைப் பற்றி.

சண்முகத்தாய் பாவாடையைப் பிடித்தபடியே உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. முகத்தில் பயம்தான் இருந்தது.

"கூறை எடுக்காம வெறும் பாவாடையப் பெட்டியில வச்சா அவ கோபிப்பா தாயே. கன்னி கோபம் பொல்லாதது. ஒண்ணத்தான் பறி கொடுத்தாச்சு. இவளுக்கும் ஏதாவது ஆயிட்டா நான் எங்க போவேன்? அதுக்குத்தான அவளுக்கு ஒரு குறையும் வைக்காம செஞ்சுக்கிட்டு வாரேன்? எல்லாம் இவளுக்காகத்தான செஞ்சேன்?"

"எனக்காகவாம்மா?" என்று கேட்டாள் கோமதி.

கோமதி தன் தோளில் கிடந்த அரக்குச் சேலையை மெதுவாக எடுத்து மெத்தையில் வைத்தாள். குவிந்து கிடந்த மற்றச் சேலைகளைப் பார்த்தாள். தொடவில்லை. கை எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது.

பேச்சிமுத்து குருவிடம் திரும்பினார். அவருக்கு உண்மையிலேயே தெரிந்தாக வேண்டும்.

"தாயே, ஆறுதலுக்குச் சொல்ல வேண்டாம். உள்ளதச் சொல்லுங்க. மூத்தவ கோபிக்க மாட்டாளா?"

"கோபிப்பா அண்ணாச்சி."

சண்முகத்தாய் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"எட்டு வயசுப் பிள்ளைல்லா? கோபிக்காம என்ன செய்வா? தங்கச்சிக்குச் சேலை, எனக்குப் பாவாடையான்னு கேப்பா. தரையில விழுந்து பொரண்டு அழுவா."

"அழுதா நான் என்ன செய்ய?" என்றாள் சண்முகத்தாய்.

"பிள்ளை அழுதா என்ன செய்வாங்க? தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு நீங்களும் அழுங்க. அழுது முடிக்கிறதுக்குள்ள, கோமதி தனக்குன்னு ஒரு சேலை பாத்து எடுத்துக்கிடட்டும்."